புகையிரதப் பாதைக்காக ஒன்றுகூடியவர்கள்

பிராந்தியங்களுக்கான பிரயாணிகள் புகையிரத சேவையில் அரசாங்கங்கள் முதலீடு செய்ய வேண்டும் எனக் கோரி, பொது அமைப்புகளும் உள்ளூராட்சி மன்றங்களும் வர்த்தக சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் கூட்டமைப்புகளாக இணைந்து செயற்படுவது பல நாடுகளில் வழமையாகி விட்டது. எமது நாட்டில் அந்த மரபு வேரூன்றவில்லை என்பதே எமது கணிப்பாகும். புகையிரதப் பாதை என்பது அமைச்சர் ஒருவரின் தயவால் கிடைப்பது, அல்லது வெளிநாட்டுக் கடனுடன் வந்து சேர்வது என்று எண்ணியே நாம் பழகிப் போயிருக்கின்றோம். பிரயாணம் செய்யப் போகின்ற மக்கள் அத்தீர்மானத்தில் எங்கும் தென்படுவதில்லை. அவர்கள் திறப்பு விழாவில் மாத்திரமே தென்படுகின்றனர்.

இதற்கு மாறான அனுபவமொன்றை ஸ்கொட்லாந்தின் தென்பகுதி தந்துள்ளது. அதனைச் சற்று விரிவாக நோக்குவது எமது வாசகர்களுக்குப் பயனளிக்கும் என நம்புகின்றோம்.

எடின்பரோ நகரையும் இங்கிலாந்தின் கார்லைல் நகரையும் இணைத்த வேவர்லி பாதை ஏறத்தாழ 158 கிலோமீற்றர் நீளமானது. கலஷீல்ஸ், மெல்ரோஸ், ஹாவிக் ஆகிய நெசவாலை நகரங்கள் அதன் வழியிலேயே அமைந்திருந்தன. 1963 மார்ச்சில் பிரித்தானியப் புகையிரத சபையின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் வெளியிட்ட அறிக்கை, நட்டத்தில் இயங்குவன எனக் கருதப்பட்ட ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் பாதைகளையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடுமாறு சிபாரிசு செய்தது. வேவர்லி பாதையும் அப்பட்டியலில் இடம்பிடித்தது. பெரிய அளவிலான மூடல்களை நிறுத்துவோம் என 1964 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்குறுதியளித்து ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, ஆட்சியில் அமர்ந்த பின்னர் அதே பட்டியலைத் தொடர்ந்து நடைமுறைப்படுத்தியது. தேர்தல் விஞ்ஞாபனங்களின் ஆயுட்காலம் எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான் போலும்.

ஹாவிக் நகரைச் சேர்ந்த மேட்ஜ் எலியட் என்ற இல்லத்தரசி 11,678 கையொப்பங்களைத் திரட்டி, 1968 டிசெம்பரில் லண்டன் சென்று, பிரதமரின் வாசஸ்தலத்தில் மகஜரைக் கையளித்தார். பலன் கிட்டவில்லை. 1969 ஜனவரி 5 ஆம் திகதி இரவு எடின்பரோவிலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்ட இறுதிப் புகையிரதத்தை நியூகாசில்ட்டன் கிராம மக்கள் கடவையின் படலைகளைப் பூட்டி வழிமறித்தனர். கிராமத்தின் மதகுருவான பிரைடன் மேபன் கைது செய்யப்பட்டார். அப்புகையிரதத்திலேயே பயணம் செய்து கொண்டிருந்த லிபரல் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் ஸ்டீல் இறங்கிவந்து பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையில் சமரசம் பேசி, மதகுருவை விடுவிக்கச் செய்த பின்னரே கூட்டம் கலைந்தது. அத்துடன் பாதையும் மூடப்பட்டது.

இந்தச் சம்பவம் பிரித்தானியப் புகையிரத வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படுகின்றது. எனினும் நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த இரவின் உணர்ச்சியை அல்ல. அன்று ஒரு மகஜர் இருந்தது; ஒரு மறியல் இருந்தது; ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இருந்தார். ஆனால் மூடுதல் தீர்மானத்தை இலக்கங்களைக் கொண்டு எதிர்த்து நிற்கக்கூடிய நிரந்தர அமைப்பு எதுவும் இருக்கவில்லை. தனியார் கம்பனியொன்று பாதையை விலைக்கு வாங்கி நடத்த முன்வந்து, அப்பேச்சுவார்த்தை 1970 இல் முறிந்தது. அதன் பின்னர் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. பாதை கிடந்த காணி துண்டு துண்டாகக் கைமாறியது. சில இடங்களில் வீடுகள் எழுந்தன. எடின்பரோவைச் சுற்றிச் செல்லும் பெருந்தெரு பாதைக்குக் குறுக்கே போடப்பட்டது. பிரித்தானியப் பெருநிலப்பரப்பில் புகையிரத நிலையமே இல்லாத பிராந்தியம் என அப்பகுதி முப்பது, நாற்பது ஆண்டுகளாக அழைக்கப்பட்டு வந்தது.

1999 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்துக்கெனத் தனியான பாராளுமன்றம் அமைந்தது. அதே ஆண்டிலேயே போர்டர்ஸ் புகையிரதத்துக்கான இயக்கம் என்ற அமைப்பும் தோற்றம் பெற்றது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை கவனிக்கத்தக்கது. தீர்மானம் எடுக்கும் இடம் லண்டனில் இருந்து எடின்பரோவுக்கு நகர்ந்தபோது, அந்த வாசலில் முதலில் போய் நின்றவர்கள் இவர்களே. புதிய பாராளுமன்றத்துக்குப் பல்லாயிரம் கையொப்பங்களுடன் மகஜர் சென்றது. எனினும் 1968 இல் போன்று மகஜருடன் காரியம் நின்றுவிடவில்லை. எடின்பரோ மாநகரசபை, மிட்லோதியன் சபை, ஸ்கொட்டிஷ் போர்டர்ஸ் சபை ஆகிய மூன்றும் தனியான பங்காளித்துவமொன்றை ஏற்படுத்தி, சாத்தியவள ஆய்வு, சட்டமூலம், நிதி என்று படிப்படியாக முன்னகர்ந்தன. வீதியில் குரல்கொடுக்கும் மக்கள் இயக்கமும் கோப்புகளைச் சுமக்கும் உள்ளூராட்சி மன்றங்களும் வெவ்வேறாக இயங்கினாலும் ஒரே திசையில் இயங்கின. இயக்கம் சபைகளை விமர்சிக்கத் தயங்கியதில்லை. சபைகளும் இயக்கத்தைத் தமது எதிரியாகக் கருதவில்லை.

சட்டமூலம் 2003 இல் சமர்ப்பிக்கப்பட்டு, 2006 ஜூன் மாதம் 114 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக அளிக்கப்பட்டது ஒரேயொரு வாக்கு. ஒரு பிராந்தியப் புகையிரதப் பாதை விடயத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இவ்வாறு ஒருமுகப்படுவது சாமானிய விடயமன்று. கட்சி வேறுபாடின்றி ஒவ்வொரு உறுப்பினரையும் அணுகியதன் விளைவு அது. மூல வரைபில் இடம்பெறாத ஸ்டோ என்ற சிறிய கிராமத்தின் நிலையம்கூட பாராளுமன்றக் குழுவின் பரிசீலனையின்போது சேர்த்துக் கொள்ளப்பட்டது.

இறுதியில் 2015 செப்டெம்பர் 6 ஆம் திகதி ஏழு புதிய நிலையங்களுடன் எடின்பரோவிலிருந்து டுவீட்பேங்க் வரையான சேவை ஆரம்பமாகியது. மூன்று நாட்களின் பின்னர் எலிசபெத் மகாராணி அதனை வைபவரீதியாகத் திறந்து வைத்தார். புதிதாக அமைக்கப்பட்ட பாதையின் நீளம் ஏறத்தாழ 48 கிலோமீற்றர். நிர்மாணச் செலவு 294 மில்லியன் பவுண். 1968 இல் மகஜர் சுமந்து சென்ற மேட்ஜ் எலியட்டின் பெயர் புகையிரத எஞ்சின் ஒன்றுக்குச் சூட்டப்பட்டது. ஆயினும் அவருடைய ஊரான ஹாவிக் நகருக்குப் பாதை வந்து சேரவில்லை.

இவ்விடத்தில்தான் கூட்டமைப்பின் கடினமான பகுதி ஆரம்பமாகின்றது. மக்கள் கேட்டது கார்லைல் வரையான முழுப்பாதை. கிடைத்தது அதில் மூன்றில் ஒன்று. டுவீட்பேங்குடன் பாதையை நிறுத்துவதை ஏற்பதா, அன்றேல் முழுமையாகக் கிடைக்கும்வரை எதிர்ப்பதா என்ற கேள்வி ஹாவிக் மக்களுக்கு எவ்வளவு கசப்பானதாக இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கிடைப்பதைப் பெற்றுக்கொண்டு மீதிக்காக இயக்கத்தைக் கலைக்காமல் தொடர்வது என்பதே எடுக்கப்பட்ட முடிவாகும். எமது பார்வையில் இது சரியான முடிவு. அப்பாதை வேண்டும் என்பதற்கான வாதங்கள் ஓடிக்கொண்டிருக்கின்ற புகையிரதத்தினால்தான் நிரூபிக்கப்பட்டன, காகிதத்தினால் அன்று.

காகிதம் என்ன சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும். 2012 ஆம் ஆண்டின் இறுதி வணிக அறிக்கையில் இத்திட்டத்தின் பயன்–செலவு விகிதம் 0.5 எனக் கணிக்கப்பட்டிருந்தது. அதாவது செலவிடப்படும் ஒவ்வொரு பவுணுக்கும் அரைப் பவுண் பெறுமதியான பயனே சமூகத்துக்குக் கிட்டும் என்பது பொருளாகும். இந்த ஒரு இலக்கத்தை வைத்தே திறைசேரி எதுவும் திட்டத்தைக் குப்பைக் கூடைக்குள் போட்டிருக்க முடியும். ஆனால் சேவை ஆரம்பமாகிய முதலாவது ஆண்டிலேயே பத்து இலட்சத்துக்கும் அதிகமான பயணங்கள் பதிவாகின. தூரத்திலுள்ள ஸ்டோ, கலஷீல்ஸ், டுவீட்பேங்க் நிலையங்களில் பிரயாணிகள் எண்ணிக்கை எதிர்வுகூறலைப் பல மடங்கு விஞ்சியது. மறுபுறத்தில், எடின்பரோவை அண்டிய ஷோபெயர் போன்ற நிலையங்களில் எதிர்பார்த்தவர்கள் வரவில்லை. நகருக்குக் கிட்டிய இடத்தில் பஸ் இருக்கின்றது. தொலைவிலுள்ளவனுக்குத்தான் புகையிரதம் தேவைப்படுகின்றது. மாதிரிக் கணக்குகள் இந்தச் சாதாரண உண்மையையே தவறவிட்டன.

செலவைக் குறைக்கும் பொருட்டு எடுக்கப்பட்ட முடிவுகளும் பின்னர் சுமையாகின. இரட்டைத் தண்டவாளப் பகுதிகளின் நீளம் ஆரம்பத் திட்டத்தில் இருந்ததிலும் பார்க்கப் பெரிதும் குறைக்கப்பட்டது. புதிய பாலங்கள் பல ஒற்றைத் தண்டவாளத்துக்கு மாத்திரம் இடமளிக்கும் விதத்தில் கட்டப்பட்டன. ஒரு புகையிரதம் தாமதித்தால் எதிர்த்திசையில் வருவதும் தாமதிக்கின்றது. இன்று அதனைத் திருத்துவதற்கு ஆகும் செலவு, அன்று மிச்சம் பிடித்ததைவிடப் பன்மடங்காகும். போர்டர்ஸ் இயக்கம் இக்குறைபாட்டை நிர்மாண காலத்திலேயே சுட்டிக்காட்டியது. திறப்பு விழாவுடன் தனது பணி முடிந்துவிட்டதாக அது கருதவில்லை. ஹாவிக் ஊடாகக் கார்லைல் வரையான நீடிப்புக்கு அது தொடர்ந்து குரல்கொடுக்கின்றது. 2021 ஆம் ஆண்டின் எல்லைப்புற வளர்ச்சி உடன்படிக்கையில் அதற்கான ஆய்வுக்குப் பத்து மில்லியன் பவுண் வரை ஒதுக்குவதாகச் சொல்லப்பட்டபோதிலும், டுவீட்பேங்குக்குத் தெற்கே இன்றுவரை ஒரு மீற்றர் தண்டவாளமேனும் போடப்படவில்லை.

பாதையைத் திரும்பப் பெறுவதைவிட மூடவிடாமல் காப்பது இலகுவானது என்பதற்கும் பிரிட்டனிலேயே உதாரணம் உண்டு. வட இங்கிலாந்தின் மலைப்பகுதியூடாகச் செல்லும் செட்டில்–கார்லைல் பாதையை மூடுவதற்கு 1983 இன் இறுதியில் அறிவித்தல் விடுக்கப்பட்டது. ரிபிள்ஹெட் என்ற பெரும் பாலத்தைத் திருத்த முடியாத அளவுக்குச் செலவாகும் என்பதே சொல்லப்பட்ட பிரதான காரணம். அப்பாதையின் நண்பர்கள் சங்கம் 1981 இலேயே தோன்றிவிட்டது என்பதுதான் இங்கு முக்கியமானது. அறிவித்தல் வந்தபோது அவர்கள் தயாராக இருந்தனர். தேசிய மட்டத்தில் இயங்கிய போக்குவரத்து அமைப்புகளுடன் இணைந்து கூட்டு நடவடிக்கைக் குழுவொன்றை அமைத்தனர். இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபனைகள் பதிவாகின. அவற்றுள் ஒன்று, தன் எஜமானருடன் வழமையாகப் பிரயாணம் செய்த ஒரு நாயின் பாதச் சுவடாகும். கட்டணம் செலுத்திய பிரயாணி என்ற வகையில் அதனுடைய ஆட்சேபனையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது!

இதில் இன்னுமொரு சுவையான விடயம் உண்டு. பாதையை மூடும் பணியை மேற்பார்வை செய்ய நியமிக்கப்பட்ட புகையிரத அதிகாரி ரொன் கொட்டன், மலிவுக் கட்டணங்களை அறிமுகப்படுத்தி, மேலதிக நிலையங்களைத் திறந்து, பிரயாணிகளைப் பெருக்கி விட்டார். பாலத்தின் ஒரு வளைவில் பரீட்சார்த்தமாகத் திருத்தம் செய்து பார்த்தபோது, செலவு மதிப்பீடு மிகைப்படுத்தப்பட்டிருந்தமை தெரியவந்தது. 1989 ஏப்ரலில் அரசாங்கம் மூடும் எண்ணத்தைக் கைவிட்டது. திணைக்களம் ஒன்றுக்குள் இருக்கும் நல்லெண்ணம் கொண்ட அதிகாரியும் ஒரு கூட்டமைப்பின் அங்கத்தவரே என்பதை எமது தொழிற்சங்கங்களும் பொது அமைப்புகளும் மனதிற் கொள்வது நல்லது.

அண்மைய ஆண்டுகளிலும் பிரிட்டனில் இத்தகைய வெற்றிகள் தொடர்ந்துள்ளன. டெவன் மாவட்டத்தின் ஓக்ஹாம்ப்டன் பாதையில் நாளாந்த சேவை 2021 நவம்பரில் மீண்டது. ஸ்கொட்லாந்தின் லெவன்மவுத் பாதை 1969 இல் மூடப்பட்டு 2024 ஜூனில் திறக்கப்பட்டது. நோர்தம்பர்லாந்தின் ஆஷிங்டனுக்கு 1964 இல் நின்றுபோன பிரயாணிகள் சேவை 2024 டிசெம்பரில் ஆரம்பமாகியது. இம்மூன்றின் பின்னாலும் உள்ளூர்ப் பிரயாணிகள் அமைப்புகள் பல்லாண்டுகளாக உழைத்துள்ளன. அதேவேளை 2020 ஜனவரியில் 500 மில்லியன் பவுண் நிதியுடன் அறிவிக்கப்பட்ட பாதை மீட்புத் திட்டத்தை, ஆட்சி மாறியவுடன் 2024 ஜூலையில் புதிய நிதியமைச்சர் இரத்துச் செய்தார். அந்த நிதியை மாத்திரம் நம்பியிருந்த ஊர்கள் வெறுங்கையுடன் நின்றன.

அமெரிக்காவின் தென்பகுதியில் கூட்டமைப்பு வேறு வடிவம் எடுத்தது. லூசியானா, மிசிசிப்பி, அலபாமா ஆகிய மூன்று மாநிலங்கள் இணைந்து 1982 இல் தென்மாநிலப் புகையிரத ஆணைக்குழுவை உருவாக்கின. 2005 ஆகஸ்டில் கட்ரினா சூறாவளி தாக்கியதன் பின்னர் நியூ ஓர்லியன்ஸ் நகருக்குக் கிழக்கே பிரயாணிகள் சேவை நின்றுபோனது. சரக்குப் புகையிரதங்களுக்காகத் தண்டவாளம் விரைவிலேயே திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் பிரயாணிகள் புகையிரதம் மாத்திரம் வரவில்லை. தண்டவாளத்தின் சொந்தக்காரர்களான சரக்குக் கம்பனிகள் இடமளிக்க மறுத்தன. ஆணைக்குழுவும் கரையோர நகர மேயர்களும் விடவில்லை. விவகாரம் மத்திய தரைப்போக்குவரத்துச் சபையின் முன் சென்று, 2022 நவம்பரில் இணக்கத்தில் முடிந்தது. நியூ ஓர்லியன்ஸ்–மொபைல் சேவை 2025 ஆகஸ்ட் 18 ஆம் திகதி நாளொன்றுக்கு இரு தடவைகளாக ஆரம்பமாகியது. ‘தற்காலிகமாக’ நிறுத்தப்பட்ட சேவையை மீட்க இருபது ஆண்டுகள் எடுத்தன.

‘தற்காலிகம்’ என்ற சொல் எமக்கும் புதிதன்று. 1990 ஜூன் மாதத்தில் யாழ்தேவி வவுனியாவுக்கு அப்பால் செல்லாமல் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் தமது ஊர்களில் இருந்து வெளியேற்றப்பட்டனர். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. யுத்தம் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையை மீள அமைத்தது. 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வந்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார்ப் பாதையும் மீண்டது. மன்னாருக்கு மீளத் திரும்பிய தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் அனைத்துக்கும் அது பேருதவியாகும். இவை யாவும் வரவேற்கத்தக்கன. ஆயினும் இத்தீர்மானங்கள் கொழும்புக்கும் புதுடில்லிக்கும் இடையில் எடுக்கப்பட்டவை. நிலையங்கள் எங்கே அமைய வேண்டும், எந்த நேரத்தில் புகையிரதம் புறப்பட வேண்டும், எந்தக் கடவைக்குப் படலை தேவை என்பன குறித்துப் பிரயாணிகள் பேசுவதற்கு ஓர் அமைப்பு இருக்கவில்லை. வடக்கில் பாதுகாப்பற்ற கடவைகளில் நிகழ்ந்த உயிரிழப்புகள் அதன் விலையாகும். ஒவ்வொரு விபத்தின் பின்னரும் அந்தந்தக் கிராமம் தனித்தே மறியல் செய்தது.

கிழக்கின் நிலைமை இன்னும் கவனத்துக்குரியது. 1920 களில் மட்டக்களப்புக்கு வந்த புகையிரதப் பாதை இன்றும் மட்டக்களப்புடனேயே நிற்கின்றது. தெற்கில், மாத்தறையில் இருந்து புறப்பட்ட நீடிப்பு 2019 ஏப்ரலில் பெலியத்தையை அடைந்ததோடு சரி. கதிர்காமம் வரை செல்வதாகச் சொல்லப்பட்ட எஞ்சிய பகுதி அமைக்கப்படவில்லை. இடையில் அம்பாறை மாவட்டம் முழுவதும் ஒரு புகையிரத நிலையமேனும் இல்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து நெருக்கமாக வாழும் கரையோரம் அது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கொழும்புக்குச் செல்லும் மாணவரும் நோயாளரும் வியாபாரிகளும் இரவு பஸ்களிலேயே தங்கியுள்ளனர். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குள்ள தூரம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஸ்கொட்லாந்தில் புதிதாகப் போடப்பட்டதைவிடக் குறைவு.

இப்பாதை உடனே போடப்பட வேண்டும் என்று நாம் இங்கு வாதிட முன்வரவில்லை. 2022 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என அறிவித்த நாடு, இன்னொரு கடனை வாங்குமுன் பலமுறை கணக்குப் பார்க்க வேண்டியது அவசியமே. வாவிகளையும் களப்புகளையும் கடந்து செல்லும் பாதைக்குப் பாலங்களும் உயர்த்திய அணைகளும் தேவை. அவை வெள்ளம் வடிவதைத் தடுக்குமா என்பதை விவசாயிகள் கேட்பார்கள்; கேட்கவும் வேண்டும். நல்ல பஸ் சேவையே போதுமானது என்று ஆய்வொன்று முடிவு கூறவும் கூடும். ஆனால் கேள்வி யாருடைய கையில் இருக்கின்றது என்பதே எமது கரிசனையாகும். தேர்தல் மேடைகளில் அவ்வப்போது எழுந்து அடங்கும் கோரிக்கையாக அது இருக்கும்வரை, ஆய்வுமில்லை, கணக்குமில்லை.

கல்முனை பிரதேச செயலக விவகாரத்தில் இரு சமூகங்களும் எதிரெதிரே நிற்பதை நாம் அறிவோம். அப்பிரச்சினை அதற்குரிய இடத்தில் பேசித் தீர்க்கப்பட வேண்டியது. ஆனால் பாண்டிருப்பில் இருந்து கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குச் செல்பவருக்கும் சாய்ந்தமருதில் இருந்து செல்பவருக்கும் வழி ஒன்றுதான். ஸ்கொட்லாந்தில் எடின்பரோ மாநகரின் நலனும் எல்லையோரச் சிற்றூர்களின் நலனும் ஒன்றாக இருக்கவில்லை. கலஷீல்ஸ் பெற்றதை ஹாவிக் பெறவில்லை. இருந்தும் மூன்று சபைகளும் ஒரே ஆவணத்தில் கையொப்பமிட்டன. இங்கு கல்முனை பெற்றால் பொத்துவில் காத்திருக்க நேரலாம். அதனை முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொள்ளாத கூட்டமைப்பு, முதலாவது ஆய்வறிக்கை வெளிவரும் நாளிலேயே பிளவுபட்டுவிடும்.

மலையகத்துக்கும் இது பொருந்தும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மண்சரிவுகள் மலையகப் பாதையைப் பல இடங்களில் துண்டித்தன. இத்தகைய வேளைகளில் எந்தப் பகுதி முதலில் திருத்தப்படும், எது பின்தள்ளப்படும் என்ற முடிவு ஏதோவொரு மேசையில் எடுக்கப்படத்தான் செய்யும். தோட்டப்புறத்துப் பிரயாணிகளின் எண்ணிக்கையையும் தேவையையும் அந்த மேசையில் யார் வைக்கின்றார்கள்? உல்லாசப் பிரயாணிகளுக்காக வாதிடுவதற்கு ஹோட்டல் துறையினர் இருக்கின்றனர்.

கூட்டமைப்பொன்று தொடங்குவதற்குப் பெருநிதி தேவையில்லை. பிரயாணிகளை எண்ண வேண்டும்: வாரத்தின் எந்த நாட்களில், எந்த ஊரில் இருந்து, எத்தனை பேர், எந்தத் தேவைக்காக, எவ்வளவு கட்டணம் செலுத்திப் பயணம் செய்கின்றனர் என்ற கணக்கைப் பள்ளிவாசல் நிருவாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் மாணவர் ஒன்றியங்களும் ஒரு மாத காலத்தில் திரட்டிவிடலாம். திணைக்களத்திடம் இல்லாத இலக்கம் மக்களிடம் இருக்குமாயின் பேச்சுவார்த்தையின் தன்மையே மாறிவிடும். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் அக்கணக்கைச் சரிபார்க்கலாம்.

அதைவிட அவசரமானது காணி. வேவர்லி பாதை மூடப்பட்டு முப்பது ஆண்டுகளுக்குள் அதன் வழியில் வீடுகளும் பெருந்தெருவும் வந்தமையால் மீட்புச் செலவு உயர்ந்தது. எமது களனிவெளிப் பாதையிலும் அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி ஊடாக ஓப்பநாயக்க வரை சென்ற பகுதி எழுபதுகளில் கைவிடப்பட்டது. அவ்வழியில் மீண்டும் பாதையமைப்பதென்றால் அங்கு குடியிருப்போரை என்ன செய்வது என்பதே முதற் கேள்வியாகும். கிழக்குக் கரையோரத்தின் சன நெருக்கடியோ அதனிலும் அதிகமானது. சுனாமிக்குப் பின்னர் கரையில் இருந்து பின்வாங்கிய குடியிருப்புகளால் மேற்குப் புறத்திலும் வெற்றுக் காணி சுருங்கிக்கொண்டு வருகின்றது. பாதை இருபது ஆண்டுகளின் பின்னர் வந்தாலும், வராமலே போனாலும், அதற்கென ஓர் ஒடுங்கிய நிலத்துண்டைத் திட்ட வரைபடத்தில் குறித்து வைப்பதற்கு இன்று தண்டவாளமும் வேண்டியதில்லை, கடனும் வேண்டியதில்லை. கல்முனை மாநகரசபையும் காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை பிரதேச சபைகளும் அக்கரைப்பற்று மாநகரசபையும் ஒரே மேசையில் அமர்ந்து நகர அபிவிருத்தி அதிகாரசபையிடம் கூட்டாகக் கையளிக்கக்கூடிய முதலாவது ஆவணம் அந்த வரைபடமாகவே இருக்க முடியும்.